எந்த ஊரில் இறங்குவது? கோலாலம்பூர் – தமிழ்நாடு பயணத்தின் தூரமும் நேரமும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு பயண முகவரிடம் போய், தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் "நாலு மணி நேரம்" என்பார். விமானத்தைப் பொறுத்தவரை அது சரியான பதில். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த நாலு மணி நேரம் மொத்தப் பயணத்தில் சிறு பகுதிதான். எங்கே இறங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது கால் பங்காகலாம், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகலாம். மீதி நேரமெல்லாம் தரையில் கழிகிறது: சிப்பாங் போகும் சாலையில், முகப்பின் முன் வரிசையில், குடிநுழைவுச் சோதனையில், பிறகு தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இந்தத் தரை நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோலாலம்பூரிலிருந்து பறக்கும் தூரமும் நேரமும் சென்னைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டில் எங்கே இறங்குவது என்பதை, கடைசியில் போய்ச்சேர வேண்டிய ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இந்த அத்தியாயம் அதற்கான காரணங்களைச் சொல்கிறது.

முதலில் தூரம். சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 2,630 கிலோமீட்டர். அங்கிருந்தே திருச்சிராப்பள்ளி வரை அளந்தால் சுமார் 2,690 கிலோமீட்டர். வித்தியாசம் 60 கிலோமீட்டர், அதாவது விமானத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. வரைபடத்தில் கோலாலம்பூரை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் அதன் விளிம்பு இரண்டு ஊர்களுக்கும் பக்கத்திலேயே போகும். சென்னை வடக்கே தள்ளி இருக்கிறது, திருச்சி மேற்கே தள்ளி இருக்கிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. திருச்சிக்கு இழுத்த நேர்கோடு சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயைக் கடந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி, வேதாரண்யம் பக்கம் கரையேறுகிறது. விமானங்கள் வான்வழித் தடங்களைப் பின்பற்றுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வானத்தில் 60 கிலோமீட்டர் வித்தியாசமுள்ள இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தரைவழியில் 320 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது பறக்கும் நேரம். இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,630-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி பத்து நிமிடம் வரும். அட்டவணையில் நாலு மணி நேரம் என்று போடுவதற்குக் காரணம், விமான நிறுவனங்கள் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து அடுத்த ஊரில் நிற்கும் கணம் வரை கணக்கு வைப்பதுதான். ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவதற்குச் சுற்றிக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். காற்றும் இதில் விளையாடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். விமானம் பறக்கும் உயரத்தில் அதன் கீழ்ப்பகுதி தொட்டால் போதும், போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிரே நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் போவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரமும் திரும்புவதற்கு மூன்று மணி 25 நிமிடமும் ஆகும். ஆக, காற்று அந்த வேகத்தில் வந்தாலும் போக்குக்கும் வரத்துக்கும் அரை மணி நேரம்தான் வேறுபாடு. விமானப் பகுதி எவ்வளவு நிலையானது என்பதற்கு இது சான்று.

கடிகாரம்தான் பலரை ஏமாற்றுகிறது. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரில் கிளம்பும் விமானம் சென்னையில் 11.30-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கும். திரும்பும்போது இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5.30-க்கு வந்து சேரும். ஒன்றைப் பார்த்து ஒன்றரை மணி நேரப் பயணம் என்றும், இன்னொன்றைப் பார்த்து ஆறரை மணி நேரப் பயணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டும் நாலு மணி நேரமே. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தது. அதற்கு முன் இந்தியாவோடு இருந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். இதைவிடப் பெரிய தவறு தேதியில் நடக்கிறது. 11-ஆம் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால், 10-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 11-ஆம் தேதி இரவு போய் நிற்பவருக்கு அந்த விமானம் முந்தின இரவே போய்விட்டிருக்கும். தமிழ்நாட்டுத் தடங்களில் நள்ளிரவை ஒட்டிய விமானங்கள் நிறைய என்பதால், டிக்கெட் கைக்கு வந்ததும் கிழமையோடு சேர்த்துத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

இனி நம் பக்கத்துத் தரை. 1998-இல் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்குப் போனதிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வீட்டிலிருந்து விமானம் வரைக்குமான பாதை நீண்டுவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நடந்து போகும் தூரத்தில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து 2002 முதல் ஓடும் விரைவு ரயில் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்து முதல் முனையத்தில் இறக்கிவிடும், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். சாலை நெரிசல் இந்த ரயிலைத் தொடாது. பெரியவர்களுக்கு ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட் என்பதால் நால்வர் போனால் காரே மலிவு. ஆனால் வேலைநாள் மாலையில் கிளம்புகிறவர்கள் விலையை மட்டும் பார்த்துக் காரில் ஏறக்கூடாது. கிள்ளானில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கே விரைவு ரயில் மாறுவது என்பது கிழக்கே போய்த் தெற்கே திரும்பும் சுற்று. கொமுட்டருக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், மொத்தம் 90 கிலோமீட்டர். சாலையில் நேரே போனால் 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆகவே கிள்ளானிலிருந்து சாலைதான் சரி. ஒரு மணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் முனையத்தைப் பாருங்கள்: ஏர் ஆசியா இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ், பாத்தேக் ஏர், இண்டிகோ முதல் முனையம். முகப்பு ஒரு மணி நேரத்துக்கு முன் மூடப்படும். பெட்டி போடுபவர்கள் மூன்று மணி நேரத்துக்கு முன் அங்கே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பதற்றமில்லை.

இப்போது ஒரு பயணத்தை முழுதாகக் கூட்டிப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தஞ்சாவூர். திருச்சி வழியாகப் போனால் விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே மூன்று மணி, விமானத்தில் நாலு மணி, குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி, திருச்சியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் சாலைக்கு ஒன்றரை மணி. மொத்தம் பத்தரை மணி நேரம். சென்னை வழியாகப் போனால் முதல் மூன்றும் அதேதான். குடிநுழைவில் ஒன்றரை மணி, பிறகு சுமார் 340 கிலோமீட்டர் சாலைக்கு ஏழு மணி, மொத்தம் பதினாறரை. பேருந்துக்கோ ரயிலுக்கோ காத்திருக்கும் நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை. தெற்கே போகும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதி முதல் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. அந்த முனையம் விமான நிலையத்துக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையிலேயே இருப்பதால், கோயம்பேடு பேருந்து நிலையம் வரை நகருக்குள் போக வேண்டிய தேவை போய்விட்டது. ஆனால் அதே சாலையில்தான் நெரிசலும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் தாம்பரம், பெருங்களத்தூர், செங்கல்பட்டு வழியாக ஊருக்குப் போகும் கூட்டம் அந்த ஏழு மணி நேரத்தை எவ்வளவு நீட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயிலில் இடம் பிடிக்கலாம் என்றால், 60 நாட்களுக்கு முன் முன்பதிவு திறக்கும் அன்றே பண்டிகை ரயில்கள் நிரம்பிவிடுகின்றன. விமான நேரம் அரை மணிக்குள் ஆடுகிறது, தரை நேரம் மணிக்கணக்கில் ஆடுகிறது. குறிப்பிட்ட வேளைக்குப் போய்ச்சேர வேண்டியவர்கள் தரையில் போகும் தூரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. மலாயாவுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் குடியேற்ற முகாம்கள் இரண்டு இடங்களில் இருந்தன: வடமாவட்டத்தாருக்குச் சென்னையை அடுத்த ஆவடி, காவிரிப் படுகைக்காரர்களுக்கு நாகப்பட்டினம். சென்னையிலிருந்து புறப்பட்ட ரஜூலா கப்பலும், அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரமும் நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் பினாங்குக்கும், இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்தன. ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணத்தில்கூட, தஞ்சாவூர்க்காரர்கள் சென்னை வரை வடக்கே போய்க் கப்பல் ஏற வேண்டாம் என்று இன்னொரு துறையில் நிற்பது அவசியமாக இருந்தது. அன்று நாகப்பட்டினம் செய்த வேலையை இன்று திருச்சி செய்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, சிவகங்கை, பெரம்பலூர், அரியலூர், கரூர், நாமக்கல், திண்டுக்கல், மதுரை போகிறவர்கள் திருச்சியில் இறங்க வேண்டும். புதுக்கோட்டை 50 கிலோமீட்டர், காரைக்குடி 90, மதுரை 135. 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையத்தில் பழைய நெருக்கடி இல்லை, நகரமும் பக்கம். 2025-இல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போனால் தெற்கே செல்லும் பேருந்துகள் கிடைக்கும். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், புதுச்சேரி போகிறவர்களுக்குச் சென்னை. சேலம் இரண்டுக்கும் நடுவே என்று நினைப்பவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து 140, சென்னையிலிருந்து 340 என்ற எண்கள் அப்படிச் சொல்லவில்லை. நாகர்கோவில்காரர்கள் இரண்டையும் விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து நாகர்கோவில் 70 கிலோமீட்டருக்குள், சென்னையிலிருந்து 700.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது விலை. சென்னைக்கு விமானங்கள் அதிகம், போட்டி அதிகம், ஆகவே டிக்கெட் பெரும்பாலும் மலிவு. உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் கார் வைத்தால் வாடகை கிலோமீட்டர் கணக்கில் ஏறும். டிரைவர் பேட்டா, டோல் தனி. வரும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. டிக்கெட்டில் மிச்சமானதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தனியாளாக, சிறு பெட்டியோடு, இரவுப் பேருந்தில் தூங்கிப் போகக்கூடிய இளைஞருக்குச் சென்னை லாபமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவருக்கு அது நஷ்டமே. பணத்தில் சமமாக வந்தாலும், நள்ளிரவில் இறங்கிய எழுபது வயதுக்காரரை ஏழு மணி நேரம் உட்கார வைப்பதை லாபம் என்று எழுத முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. திருச்சிக்கு விமானங்கள் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும், சென்னையிலோ சில மணி நேரத்தில் மாற்று கிடைக்கும். இதை மதித்தே ஆக வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு திருச்சியில் இறங்கத் திட்டமிடுவது துணிச்சல். ஒரு நாள் முன்னதாகவே போய்விட வேண்டும். ஆனால் சென்னையும் எப்போதும் நம்பகமானதல்ல. மலேசியப் பள்ளி விடுமுறைக்காரர்கள் பலர் போகும் டிசம்பர், அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடினார்கள். பொங்கலுக்கு முந்தைய போகிப் புகை 2018-இல் விமானங்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போனது. புயல் திருச்சியையும் தொடலாம். ஆனாலும் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு அந்த ஆபத்து குறைவு.

மாற்றிப் போகும் டிக்கெட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் வழியாகச் சென்னை போனால், முதலில் 300 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், அங்கிருந்து 2,920 கிலோமீட்டர் பறக்க வேண்டும். நேர்வழியைவிட 600 கிலோமீட்டர் அதிகம். கொழும்பு வழியாகத் திருச்சி போவது அப்படியல்ல. கோலாலம்பூர்–கொழும்பு சுமார் 2,470, கொழும்பு–திருச்சி சுமார் 420. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல், திசையும் மாறவில்லை. கொழும்பில் காத்திருக்கும் நேரம் மூன்று மணிக்குள் இருந்தால், நேர் விமானத்தில் இடமில்லாத வாரங்களில் இது சென்னையில் இறங்குவதைவிட நல்லது. எட்டு, பத்து மணி நேரக் காத்திருப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் மாறும் சமயம் ஒன்று உண்டு. ஊரில் ஒரு மரணம். அப்போது மாவட்டத்தைப் பார்க்க நேரமில்லை, எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏற வேண்டும். உடலை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்பதை ஊரில் உள்ளவர்களோடு பேசி, போய்ச்சேரும் நேரத்தை, விமான நேரத்தை அல்ல, சொல்ல வேண்டும். "நாலு மணி நேரத்தில் வந்துவிடுவான்" என்று அங்கே யாரோ சொல்லி, மாலை வரை காத்திருந்து எடுத்துவிட்ட துக்கங்கள் உண்டு. மகன் முகம் பார்க்காமல் போவது வாழ்நாள் வலி. அதைத் தடுப்பது பெரும்பாலும் விமானத்தின் வேகத்தில் இல்லை, விசாவில் இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இந்தியாவுக்கு இ-விசா எடுக்க வேண்டும். குறைந்தது நாலு நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 30 நாள் விசாவோடு, ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களும் இருக்கின்றன. ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ இருப்பவர்கள் நீண்ட கால விசாவை எப்போதும் உயிரோடு வைத்திருக்க வேண்டும், கடப்பிதழிலும் ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி இந்தியாவில் பிறந்ததற்கு ஆவணம் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் விசாக் கவலையே இல்லை. இந்த ஏற்பாட்டை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே செய்து முடியுங்கள்.

திரும்பும் பயணத்தில் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் இரவு 11 மணிக்கு என்றால் எட்டு மணிக்குத் திருச்சி விமான நிலையம். கும்பகோணத்திலிருந்து 95 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் வைத்து, வழியில் ஒரு சாப்பாட்டுக்கு அரை மணி சேர்த்தால் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஊறுகாய், பொடி, பித்தளைச் சாமான் என்று உறவினர் கடைசி நேரத்தில் கொடுப்பவற்றுக்குப் பெட்டியில் எடை மிச்சம் வைத்திருங்கள். முகப்பில் கூடுதல் எடைக்குக் கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது மலிவு. சிப்பாங்கில் இறங்கும்போது காலை ஐந்தரை ஆகியிருக்கும், உடலுக்கு அது இந்திய நேரப்படி இன்னும் மூன்று மணிதான். காரை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போனவர்கள் அந்தத் தூக்கத்தோடு வேலைக்குப் போகும் நெரிசலில் கிள்ளான் வரை ஓட்ட வேண்டியிருக்கும். அழைத்துப் போக யாரையாவது வரச் சொல்லுங்கள், அன்றைக்கு ஒரு நாள் விடுப்பும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.